தாம்பாளம் வராத தெரு

மகனே,

கம்பம் சந்தைக்கு வந்த வண்டிக்காரர் கையில் உன் கடிதம் வந்து சேர்ந்தது. மலையில் சுகமாக இருக்கிறேன், அட்டை மட்டும் கொஞ்சம் கடிக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்துக் காட்டியதும் உன் அம்மா அழுதாள். அட்டைக்காக அல்ல, அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லுக்காக. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு வந்தபோதும் நீ "கொஞ்சம் வலிக்குது" என்றுதான் சொன்னாய். அதனால் உன் கொஞ்சத்தின் நீளம் அவளுக்குத் தெரியும். புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொள். இங்கே எல்லோரும் நலம். நலத்துக்கும் இந்த வருஷம் எங்களை விட்டால் வேறு போக்கிடம் இல்லை போலிருக்கிறது, வீட்டோடு தங்கிவிட்டது.

ஏலத்தோட்டத்தில் உன்னைக் கணக்கப்பிள்ளையாக்கி, லயத்து வரிசை வீட்டுக் கூலிக் குடும்பங்களின் காரியத்தையெல்லாம் துரை உன்னிடமே விட்டுவிட்டார் என்று படித்தபோது எனக்கு மார்பு அகலமாகியது. அடுத்த பக்கம் திருப்பியதும் பழைய அளவுக்கே வந்துவிட்டது. சாமி கும்பிட லயத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நாள் லீவு, அது எந்த நாள் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். சேலத்துப் பக்கமிருந்து புதிதாக வந்தவர்கள் வேறு நாள் கேட்டு முனகினார்களாம். "நேற்று வந்தவர்களுக்கு என்ன பேச்சு என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். மகனே, நீ மலையேறியதே போன ஆடியில். அவர்கள் நேற்று வந்தவர்கள் என்றால் நீ முந்தாநாள் வந்தவன். ஒரு நாள் மூப்புக்கு இவ்வளவு அதட்டலா?

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டுவதென்றால் வண்டிக்காரரிடமே சொல்லிவிட்டிருப்பேன், அவர் என்னைவிட நன்றாகத் திட்டுவார். நீ சொன்ன அதே வார்த்தை ஒரு நாள் என் தலையில் விழுந்தது. விழுந்த இடம் இன்னும் நினைவிருக்கிறது. உனக்கு அதை முழுதாக நான் சொன்னதே இல்லை. நீ பிறப்பதற்குள் நம் தெரு ஊரோடு ஒட்டிவிட்டது, ஒட்டிய பிறகு தையலை யார் பார்க்கிறார்கள்?

தாது வருஷப் பஞ்சத்தில் கிழக்குச் சீமையிலிருந்து நடந்து வந்தவர்கள் நாம். என் அப்பா வழியிலேயே தங்கிவிட்டார். திரும்பும்போது அழைத்துக்கொள்ளலாம் என்பது போல ஒரு புளியமரத்தடியில் அவரை விட்டுவிட்டு நானும் என் ஆத்தாவும் மற்றவர்களோடு நடந்தோம். இந்த ஊரில் கரட்டடியில், கல்லும் கள்ளியுமாகக் கிடந்த இடத்தில், ஓலைக் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஊரைப் பழி சொன்னால் என் வாய் அழுகிப்போகும். படுக்க இடம் கொடுத்தார்கள், கிணற்றில் வாளி போட விட்டார்கள், வயலில் வேலை கொடுத்தார்கள். கொடுக்காதது ஒன்றே ஒன்றுதான்.

ஊர்க்கூட்டம் பொதுத்திடலான மந்தையில் வேப்பமரத்தடியில் கூடும் என்பது உனக்குத் தெரியும். வெற்றிலைத் தாம்பாளம் சுற்றி வரும். யார் முன்னால் அது நிற்கிறதோ அவர் வாய் திறந்து பேசலாம். பேசி முடித்து வெற்றிலையை எடுத்துவிட்டால், கூட்டத்தின் முடிவுக்கு அவர் வீடு கட்டுப்பட்டது என்று அர்த்தம். அந்தத் தாம்பாளம் வேப்பமர நிழல் எதுவரையோ அதுவரை வரும். நாங்கள் நிழலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நிற்போம். கூட்டத்துக்கு முன்னால் மந்தையைக் கூட்டுவது எங்கள் வேலை, கூடுவது அவர்கள் வேலை. ஊர்க் கட்டுப்பாட்டில் கட்டு அவர்களுடையது, பாடு எங்களுடையது. வந்தேறி என்று பெயர் வைத்திருந்தார்கள். வந்தது மெய்தான், ஏறத்தான் விடவில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. குசும்பு பிடித்தவன் என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கோயில் வாசலில் பூசாரி உச்சிப்பொழுதில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவர் குடுமியை மணிக்கயிற்றில் முடிந்துவைத்தவன் நான். அவர் புரண்டு படுத்த போதெல்லாம் அம்மனுக்கு வேளையில்லாத வேளையில் மணி அடித்தது, பெண்கள் சூடத்தட்டோடு ஓடி வந்தார்கள். ஆகவே அடுத்து நான் செய்ததையும் எல்லோரும் குசும்பு என்றே நினைத்ததில் தப்பில்லை.

ஐப்பசியில் அம்மனுக்கு வைக்கிற பொங்கலுக்குச் சாட்டு வைக்க, அதாவது நாள் குறித்து ஊருக்கு அறிவிக்க, அந்த வருஷம் கூட்டம் கூடியது. சாட்டுத் தமுக்கு அடித்துவிட்டால் பொங்கல் முடியும் வரை எல்லைக்குள் இருப்பவன் யாரும் வெளியே இரவு தங்கக்கூடாது. தங்கினால் அம்மை போடும் என்பது நம்பிக்கை. நல்ல வழக்கம்தான், திருவிழாவுக்கு ஊர் ஒன்றாக இருக்கும். ஆனால் மலையில் ஏலப்பழம் எடுக்கிற பருவமும் அதேதான். கரட்டடி ஆட்களை அழைத்துப்போகக் கங்காணி புதன்கிழமை கூடலூரில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். போகாவிட்டால் வேறு ஊர் ஆட்களைச் சேர்த்துக்கொள்வார். அந்தக் கூலிதான் தை அறுப்பு வரைக்கும் எங்கள் அடுப்பு. கூட்டத்தில் நாட்டாமை ஐயா சாட்டுக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொன்னார். எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வெயிலிலிருந்து கத்தினேன். "ஐயா, ஒரு ரெண்டு செவ்வா தள்ளி வச்சா நாங்களும் பொழைச்சுக்குவோம்ங்க."

நாட்டாமை ஐயா கெட்ட மனிதர் அல்ல. பஞ்சத்தில் எங்களுக்குக் கஞ்சித் தொட்டி வைத்தவர் அவர். ஆனால் கூட்டத்தில் குறுக்கே பேச்சு வந்தால் அவருக்குக் காது சிவந்துவிடும். "எலே, ஊரு பேசுற எடத்துல நேத்து வந்தவனுக்கு என்னடா பேச்சு? நீ ஊரா?"

"ஊரு இல்லீங்களா ஐயா?"

"இல்லடா. போயி ஓரமா நில்லு."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா? நாங்க ஊரு இல்லையாம்" என்றேன். சிலர் சிரித்தார்கள். தாம்பாளம் சுற்றி முடிந்தது. செவ்வாய்க்கிழமை தமுக்கு அடித்துக்கொண்டே கரட்டடி வரைக்கும் வந்தார்கள். முடிவெடுக்கும்போது எட்டாத தெரு, அடிக்கும்போது எப்படி எட்டியது பார்!

அன்று பொழுது சாய்வதற்குள் நான் ஒவ்வொரு குடிசையாகப் போனேன். நாம் ஊர் இல்லை என்றால் சாட்டு நம்மைக் கட்டாது, மலைக்குப் போகலாம். சாட்டு கட்டும் என்றால் நாம் ஊர்தான், தாம்பாளம் வரட்டும். இரண்டில் ஒன்றை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்போம் என்றேன். வெள்ளைச்சாமிச் சித்தப்பா எழுந்து நின்று அடிக்க வந்தார். "ஏலே, நாளைக்கு ஊருல ஒரு பிள்ளைக்கு அம்மை வாத்தாலும் பழி நம்ம தலையிலதேன் விழும். குடிசைக்குத் தீ வச்சிருவாக. ஒன் குசும்புக்கு நாங்க கூரைய எரியக் கொடுக்கணுமா?" அவர் சொன்னது உண்மை. என் ஆத்தாதான் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "போகலேன்னா பட்டினி, போனா பழி. பட்டினிய நான் பாத்துட்டேன். பழி எப்படி இருக்குன்னு பாப்போம். மூட்டையக் கட்டுங்க."

புதன்கிழமை விடிந்ததும் தலையில் மூட்டையோடு புறப்பட்டோம். கரட்டுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை இருந்தது, ஒருவர் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். ஆத்தா பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்றாள். "களவாணியா போகக் கூடாது. கேக்கட்டும், சொல்லுவோம்." வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் சாணிக் கையோடு நின்றுவிட்டார்கள். நாங்கள் எல்லைக்கல்லை எட்டுவதற்குள் நாட்டாமை ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கு வழியில் ஓடி வந்து நின்றார். பின்னால் பாதி ஊர்.

"எங்கனடா இம்புட்டுப் பேரும்?"

"மலைக்குங்க ஐயா."

"நேத்துத் தமுக்கு அடிச்சது காதுல விழலையா?"

"விழுந்துச்சுங்க. ஊருக்காரவுகளுக்குத்தேன அடிச்சாக? நாங்க ஊரு இல்லேன்னு நீங்கதேன் சொன்னீக. ஐயா பேச்சத் தட்டக் கூடாதுன்னுதேன் கெளம்பிட்டோம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயாவின் காது சிவந்தது. "எல்லைக்குள்ள குடியிருக்குறவன் அம்புட்டுப் பேரும் சாட்டுக்குக் கட்டுப்பட்டவன்தாண்டா!"

"அப்ப நாங்க ஊருங்களா ஐயா?"

அவர் வாயைத் திறந்தார். ஆம் என்றால் தாம்பாளம், இல்லை என்றால் வழி. திறந்த வாய் அப்படியே இருந்தது. மூடிக்கொள்ளவும் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பக்கத்தில் நின்ற ஆத்தாவின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் "போங்கடா" என்று சொல்லிவிட்டால் அந்தக் கல்லைத் தாண்டிய பிறகு திரும்பி வர எங்களுக்கு ஊர் கிடையாது. விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு எங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பூசாரி முன்னால் வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கை தானாகக் குடுமியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பேச்சு நேராக வந்தது. "அம்மன் ஆத்தாளுக்கு ஊரு, வந்தேறின்னு கணக்குத் தெரியாதுங்க. அவ எல்லைக்குள்ள ஒல ஏத்துற அம்புட்டு வீடும் அவ வீடுதேன். மீறிப் போனா யாரா இருந்தாலும் கோவப்படுவா."

என் ஆத்தா மூட்டையை இறக்கி வைத்தாள். "பூசாரி சொல்றது நெசம். நாங்க ஆத்தாள மீறிப் போகணும்னு மூட்டை தூக்கலீங்க. எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா மந்தையிலயே ஒக்காந்து சொல்லியிருப்போம். பொங்கலுக்கு ஒல வைக்க நாங்க வேணும். நாள் வைக்கிறப்ப எங்களுக்கு ஒரு வெத்தல கெடையாதா ஐயா?"

நாட்டாமை ஐயா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார், அவ்வளவு வேர்வை அந்தக் காலைக்குளிரில் யாருக்கும் வந்திருக்காது. பிறகு திரும்பி, "போயித் தாம்பாளத்த எடுத்துட்டு வாங்கப்பா" என்றார். அவ்வளவுதான். ஆம் என்று அவர் கடைசி வரை வாயால் சொல்லவில்லை. எல்லைக்கல் பக்கத்தில், புழுதியில், ஊரும் நாங்களும் உட்கார்ந்தோம். நிழலே இல்லை, அதனால் நிழலுக்கு அந்தப் பக்கம் என்று ஒன்றும் இல்லை.

தமுக்கு அடித்த சாட்டை மாற்ற முடியாது. வழி என்ன என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. தாம்பாளம் என் ஆத்தா முன்னால் நின்றபோது அவள் எங்கள் பழைய ஊர் வழக்கத்தைச் சொன்னாள். அங்கே சாட்டுக்குள் வெளியே போக வேண்டிவந்தால் வீட்டுக்கு ஒருவர் தங்கித் தினமும் விளக்கு ஏற்றுவார்கள். போகிறவர்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்து அம்மன் காலடியில் வைத்து உத்தரவு வாங்கிக்கொண்டு போவார்கள். விளக்கு எரிகிற வீடு ஊருக்குள் இருப்பதாகவே அர்த்தம். பூசாரி இது புது வழக்கம் என்று இழுத்தார். நாட்டாமை ஐயாவின் சம்சாரம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்: "புதுசா இருந்தா என்ன? உத்தமபாளையம் கச்சேரியில வழக்குன்னு சாட்டு நேரத்துல ஆளு வந்து நிக்கிறப்ப நம்ம வீட்டு ஆம்பளைக வருஷா வருஷம் முழிக்கிறாக. நமக்கும்ல ஒதவும்." அம்மனிடம் பூக்கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தது, அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்திருந்தால் என் ஆத்தா வெள்ளை வரும் வரைக்கும் கேட்டிருப்பாள், அது வேறு விஷயம்.

வீட்டுக்கு ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் கங்காணியைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். எங்கள் வீட்டில் விளக்கேற்றத் தங்கியவன் யார் என்று கேட்கிறாயா? வாய் கொடுத்தவனே காவலும் இருக்கட்டும் என்று ஆத்தா சொல்லிவிட்டாள். அடுத்த கூட்டத்தில் எங்கள் வீட்டுக்காக நான் வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். தாம்பாளம் என் முன்னால் நின்றது. பெரிய மனிதன் போல வெற்றிலையை எடுத்து, பெரிய மனிதர்கள் தடவுவதைவிடக் கூடுதலாகச் சுண்ணாம்பு தடவி, மடித்துப் போட்டுக்கொண்டேன். வாய் கிடைத்த அன்றே வாய் வெந்தது. நாட்டாமை ஐயா, "எங்க, இப்பப் பேசுடா பாப்போம்" என்றார். கண்ணில் தண்ணீர் வர நான் தலையை மட்டும் ஆட்டினேன். மந்தை முழுவதும் சிரித்தது. கூடவே நானும் சிரித்தேன். ஊரோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்கு மறு வருஷத்திலிருந்து கங்காணி வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சாட்டு வைக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் எப்படி ஆகிறோம் என்பதையும் கேள். பெரியாற்று அணைத் தண்ணீர் வந்ததும், அதே கிழக்குச் சீமையிலிருந்து, அதே புழுதிக்காலோடு, புது ஆட்கள் வந்து கால்வாயின் கீழ்க்கோடியில் குடிசை போட்டார்களே, நீயும் பார்த்தாய். அவர்களுக்கும் தாம்பாளம் போக வேண்டும் என்று நான் மந்தையில் சொன்னபோது முதலில் எதிர்த்தவர் யார் என்று நினைக்கிறாய்? நாட்டாமை வீட்டார் அல்ல. நம் வெள்ளைச்சாமிச் சித்தப்பா. "நேத்து வந்தவுகளுக்கு என்னப்பா பேச்சு?" என்று, உன் கடிதத்தைப் பார்த்து எழுதினதுபோல, ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டார். சித்தப்பா, நாம அன்னைக்குச் சுமந்த மூட்டை இன்னும் உங்க வீட்டுப் பரணில் கிடக்கு என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு தாம்பாளத்தைத் தன் கையாலேயே அவர்கள் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளின வேகத்தில் பாக்கெல்லாம் சிதறியது, ஆனாலும் தள்ளினார்.

வந்து உட்கார்ந்தவர்கள் வெகுநாள் வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் "சரிங்க மாமா, ஆகட்டுங்க மாமா" என்று வெற்றிலையை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சரியைக் கேட்டாலே உறுத்தும். நாங்களும் ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் சரி சொன்னவர்கள்தான். எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்கிறவன்தான் எல்லாவற்றுக்கும் சரி சொல்லுவான்.

போன வாரக் கூட்டத்தில் மாடு குளிப்பாட்ட ஒரு துறை கட்டுவது பற்றிப் பேச்சு வந்தது. நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கால்வாயின் மேல்பக்கம் கட்டலாம் என்றேன். நல்ல கரை, கல்லும் கிட்டத்தில் கிடைக்கும் என்று நீளமாகப் பேசினேன். நம் தெருவில் எல்லோரும் தலையாட்டினார்கள். தாம்பாளம் கீழ்க்கோடிக்குப் போனது. உன் வயதுதான் இருக்கும், ஒரு பையன் எழுந்தான். "மாமா சொல்றது சரியில்லீங்க."

"என்ன சரியில்ல?" என்றேன், என் காது சிவப்பது எனக்கே தெரிந்தது.

"மேல நீங்க எருமையக் குளிப்பாட்டுற தண்ணியத்தேன் கீழ எங்க பொண்டுபிள்ளைக குடத்துல மோந்து குடிக்கிறாக. தொறைய எங்க குடிசைக்கும் கீழ கட்டுங்க. உங்களுக்குக் கொஞ்சம் நடக்கணும். எருமைக்கு நடந்தா நல்லதுதேன்."

மந்தை சிரித்தது. ஒருவர் பாக்கியில்லாமல் அவன் பக்கம் போய்விட்டார்கள், வெள்ளைச்சாமிச் சித்தப்பா உட்பட. நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "தோத்துட்டு வந்தவுக மூஞ்சியா இது? என்னத்துக்கு இந்தச் சிரிப்பு?"

"கீழ்க்கோடிப் பயக இன்னைக்கு எங்கிட்ட இல்லேன்னு சொல்லிட்டாகடி" என்றேன். "இனி அவுக எங்கயும் போக மாட்டாக."

லீவு நாளை இன்னும் துரையிடம் சொல்லவில்லை என்றால், சேலத்து ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள். கேட்கிற சாக்கில் உன் முடிவைச் சொல்லிக் காட்டாதே, நிஜமாகவே கேள். சொன்னதெல்லாம் உனக்குப் பிடித்தபடி இருந்தால் இன்னொரு தடவை கேள். பிடிக்காத ஒன்றை உன் முகத்துக்கு நேரே எவன் சொல்கிறானோ, அவன் பெயரை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது. அவன் கையில் இனி உன் லயம் பத்திரம்.

இப்படிக்கு,
எருமைக்குப் பின்னால் தினமும் கீழ்க்கோடி வரை நடக்கிற
உன் அப்பா